அக்குவினாஸ்: பொது நன்மை பற்றி ஒரு குழப்பம், தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்து கிறிஸ்தவ இறையியலாளரும் தத்துவவாதியுமான தாமஸ் அக்குவினாஸ் பற்றி நான் பேச வேண்டும். 1274-இல் இறந்த மனிதர் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறார்.

கேள்விகளாகப் பிரித்து அவர் எழுதிய இறையியல் நூலான 'சும்மா தியோலோஜிக்கா'வில் (Summa Theologica) சட்டத்துக்கு அவர் தரும் வரையறை புரிகிறது: பொது நன்மைக்காக, சமூகத்தின் பொறுப்பில் இருப்பவர் பிறப்பித்து அறிவிக்கும் பகுத்தறிவின் ஆணை. மக்களை நல்லவர்களாக்குவதே சட்டத்தின் வேலை என்கிறார். சரி. நாலு கேள்வி தள்ளி 96-ஆவது கேள்விக்கு வந்தால், மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்கத் தேவையில்லை, கொலை, திருட்டு போல பிறரைப் பாதிக்கும் பெரிய குற்றங்களைத் தடுத்தால் போதும் என்கிறார். பெரும்பாலான மனிதர்கள் நற்பண்பில் முழுமை பெற்றவர்கள் அல்லவாம். உண்மைதான்! ஆனால் முதலில் சொன்னதோடு இது எப்படி ஒட்டும்?

இன்னொன்று. நீதி என்ற நற்பண்பு துணிவு, தன்னடக்கம் உட்பட மற்ற எல்லாப் பண்புகளின் செயல்களையும் பொது நன்மையை நோக்கித் திருப்புகிறது என்கிறார். அரிஸ்டாட்டில் வாசனை தூக்கலாகவே அடிக்கிறது. அதே அக்குவினாஸ் வேறோர் இடத்தில், மனிதன் தன் முழு இருப்போடும் அரசியல் சமூகத்துக்குக் கட்டுப்பட்டவன் அல்ல என்கிறார். அப்படியானால் மீதி யாருக்கு? கடவுளுக்கு என்பது அவர் பதில். அரசன் அந்த மீதியில் கை வைத்தால் குடிமகன் என்ன செய்யலாம் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

இதை முறையாகப் படித்தவர்கள் யாராவது விளக்க முடியுமா? எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாலும் போதும்.