சூட்டிலும் குளிரிலும் வேலை பார்த்தவர்களே, உங்கள் கண் எப்படி இருக்கிறது?

உலைக்காரன்:
கண்ணாடி உருக்கும் உலை முன்னால் 24 வருடம் நின்றவன் நான். 47 வயதில் இடது கண்ணில் புரை, அதாவது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. ஆரம்பத்திலேயே பார்வை மங்கிவிடவில்லை. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு பூப்பூவாகச் சிதறித் தெரிந்தது, அவ்வளவுதான். பவர் மாறியிருக்கும் என்று ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

மருத்துவர் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "வேலையில் உலை உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கும்?" தூக்கிவாரிப்போட்டது. குழாயைச் சுழற்றும்போது இடது கன்னத்தை உலைக்குக் காட்டித்தான் நிற்பேன். அந்தக் கன்னம் இன்றும் ஒரு மாற்றுக் கறுப்புதான்.

உலையின் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, பாப்பாவைச் சுற்றி நிறமாகத் தெரியும் ஐரிஸ் சூடேறுமாம். அதை ஒட்டியிருக்கும் லென்ஸும் கூடவே சூடேறும். லென்ஸில் ரத்தக் குழாயே கிடையாது, அதனால் அந்தச் சூட்டை ரத்தம் அள்ளிக்கொண்டு போக வழியில்லை. கண்ணாடி ஊதுபவர்களின் பெயராலேயே இந்தப் புரையைச் சொல்கிறார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். "கூலிங் கிளாஸ் போட்டிருந்தேனே டாக்டர்" என்றேன். கூச்சம் குறைந்திருக்கும், அகச்சிவப்பைத் தடுக்கவென்றே செய்த கண்ணாடி வேறு என்றார். லென்ஸ் மாற்றியாயிற்று. இப்போது வருடா வருடம் வலது கண்ணையும் காட்டி வருகிறேன்.

மலையேறி:
அண்ணே, எனக்குப் பனியில் நடந்தது. வானம் மூடிக் கிடந்ததால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு நாள் முழுக்க நடந்தேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவு கூடாரத்தில் படுத்த பிறகு, கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆரம்பித்தது. இமையைத் திறக்க முடியவில்லை, கண்ணீர் காது வரை ஓடுகிறது, டார்ச் வெளிச்சம் ஊசியாகக் குத்துகிறது. குருடாகிவிட்டோம் என்றே நினைத்தேன்.

குளிர் செய்த வேலை இல்லையாம் இது. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மேகம் அதை முழுசாகத் தடுப்பதில்லை. கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியாவின் மேல்தோல் வெந்துபோகிறது, வலி பல மணி நேரம் கழித்துத்தான் வரும். வெல்டிங் வேலை செய்பவர்களுக்கு வருவதும் இதேதான். இருட்டில் கண்ணை மூடிக் கிடந்தேன், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. கூட வந்தவர் கேலி செய்தது மட்டும் இன்னும் ஆறவில்லை.

குளிரறை:
மைனஸ் 20-இல் பெட்டி அடுக்குகிற வேலை எனக்கு. உள்ளே போனாலே கண்ணில் தண்ணீர் கொட்டும். மருத்துவர் 'கண் வறட்சி' என்றதும் சிரித்துவிட்டேன். கொட்டுகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும்? கண்ணீரின் மேலே எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டாம்; அது சரியில்லாவிட்டால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். அந்த வறட்சியும் குளிரும் கார்னியா நரம்பைத் தூண்ட, கண் பதறிப்போய் நீரைக் கொட்டுகிறது. எனக்கு இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக் கிடந்தன. வெதுவெதுப்பான துணி ஒத்தடம், கூடவே செயற்கைக் கண்ணீர். இரவு ஷிப்ட் முடிந்து ஒத்தடம் வைக்கத்தான் சோம்பல்.

சொட்டுமருந்து:
நான் வேலை விஷயமாக வரவில்லை, அம்மாவின் கிளாக்கோமா (கண் நரம்பைக் கெடுக்கும் நோய்) மருந்து பற்றிச் சொல்ல வந்தேன். லட்டனோப்ரோஸ்ட் என்ற அந்தச் சொட்டுமருந்து பாட்டிலைப் பிரிக்கும் வரை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அட்டையிலேயே போட்டிருக்கிறது. நாங்கள் புதுப் பாட்டிலை வெயிலில் நிற்கும் காருக்குள் வாரக்கணக்கில் விட்டிருந்தோம். மருந்துக்கடைக்காரர் அதைத் தூக்கிப் போடச் சொன்னார். அட்டையைப் படியுங்கள்.

உலைக்காரன்:
மலையேறி தம்பி, உனக்கு அன்று ராத்திரியே வலித்துக் காட்டியது. எனக்கு 24 வருடம் ஒருநாள்கூட வலிக்கவில்லை. குளிரறை, அந்த ஒத்தடம் எத்தனை நிமிடம் வைக்கிறீர்கள்? மனைவிக்கும் அதே எரிச்சல், நாள் முழுக்க ஏசியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.