கிரயம் நின்றுபோனால் புரோக்கர் கமிஷனைத் திருப்பித் தர வேண்டாமா?

முடிச்சூர்க்காரன்:
தாம்பரம் பக்கம் ஒரு பழைய தனி வீடு, 62 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். அக்ரிமெண்ட் போட்ட அன்றே புரோக்கர் தன் 1 சதவீதக் கமிஷனில் பாதியை, 31,000 ரூபாயை, ஜிபேயில் வாங்கிக்கொண்டார். வீடு விற்பவரின் அப்பா சம்பாதித்தது, உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கிரயத்துக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் வாரிசுச் சான்று கைக்கு வந்தது. அதில் ஒரு அக்கா! திருச்சியில் இருக்கிறார், கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

விற்பவர் அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். புரோக்கரோ, "வீட்டைக் காட்டிப் பேசி முடித்தேன், என் வேலை முடிந்தது" என்கிறார். அக்கா விஷயம் அவருக்கு முன்பே தெரியும். போன வருஷம் வந்த பார்ட்டியும் இதனால்தான் விலகினார்களாம், எதிர்வீட்டு அம்மா சொன்னார். என் மனைவி பூஜை அறைக்கு இடம் அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இதே புரோக்கர். அதுதான் ஆறவில்லை.

பத்திர எழுத்தர், செங்கல்பட்டு:
வாரிசுகள் பெயர் வில்லங்கத்தில் வராது, பதிவான பத்திரம் மட்டும்தான் வரும். இந்து குடும்பம் என்றால் 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அந்த அக்காவுக்கும் தம்பிக்குச் சமமான பங்கு. கமிஷனுக்கு வருவோம். 1872 ஒப்பந்தச் சட்டம் 219-ஆம் பிரிவின்படி, தனியாக வேறு ஏதும் பேசாதவரை வேலை முடிந்தால்தான் ஏஜெண்டுக்குக் கூலி. தவறாக நடந்துகொண்டால் அந்த வேலைக்குக் கூலியே இல்லை என்கிறது 220. ரெராவுக்கு, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, அலையாதீர்கள். புரொமோட்டர் விற்கும் திட்டங்களின் ஏஜெண்டுகளுக்குத்தான் அங்கே பதிவு, பழைய வீட்டு மறுவிற்பனைக்கு இல்லை. முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

வேளச்சேரி புரோக்கர்:
நானும் இதே தொழில்தான் சார். வாங்குபவர் மனசு மாறி விலகினால் என் அலைச்சலுக்குக் கூலி கேட்பேன், அது நியாயம். இது தெரிந்தே மறைத்தது. வாரிசுச் சான்றைப் பார்க்காமல் நான் யாரையும் வீடு பார்க்கக் கூட்டிப்போவதில்லை. விடாமல் கேளுங்கள்.

முடிச்சூர்க்காரன்:
நன்றி ஐயா, நன்றி சார். கமிஷன் பற்றி எதுவும் எழுதிக்கொள்ளவில்லை, ஜிபே ரசீது மட்டும் இருக்கிறது. நேற்று சாயங்காலம் அதே வீட்டு வாசலில் அந்தப் புரோக்கர் வேறொரு தம்பதியுடன் நின்றார். அந்தப் பெண்ணின் இடுப்பில் குழந்தை. வண்டியை நிறுத்தி, "வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நோட்டீஸ் திங்கட்கிழமை போகிறது.