மெட் ரிங் (1990) வீடியோ: எந்த இடம் இன்னும் உறுத்துகிறது?

ஆறாம்வரிசை:

நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா, அதாவது மெட், மேடையேற்றிய வாக்னரின் 'ரிங்' நான்கு ஓபரா: 'ரைன்கோல்ட்', 'வால்க்யூர', 'சீக்ஃப்ரீட்', 'கோட்டர்டெமருங்'. எனக்கு உறுத்துவது 'சீக்ஃப்ரீட்' முதல் அங்கம், வாள் வார்க்கும் இடம். கதையை மறுபடி சொல்லத் தேவையில்லை. மேடையில் ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பு வேலை நடக்கிறது. இந்தப் பக்கம் கதாநாயகன் சீக்ஃப்ரீட் உடைந்த வாளை அராவிப் பொடியாக்கி, துருத்தி ஊதி உருக்கி, அச்சில் ஊற்றி, தண்ணீரில் தோய்த்து, மறுபடி காய்ச்சி அடிக்கிறான். அந்தப் பக்கம் அவனை வளர்த்த குள்ளன் மீமெ முட்டையைப் போட்டு, அவனைத் தூங்க வைக்க ஒரு கஷாயம் காய்ச்சுகிறான். சிரிப்பே இரண்டையும் ஒரே பார்வையில் பார்ப்பதில்தான் இருக்கிறது. வீடியோவை இயக்கிய ப்ரையன் லார்ஜ் முகத்துக்கு முகம் தாவுகிறார். மீமெயாக வரும் ஹைன்ஸ் ஸெட்னிக்கின் முகம் அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேடை இயக்குநர் ஓட்டோ ஷெங்க் மேடையில் சேர்த்து வைத்ததை வீட்டுத் திரை பிரித்துவிடுகிறது.

குகையும் காடும் எவ்வளவு நிஜமாக இருக்கின்றன என்று பார்த்து மார்க் போடுவது சோம்பேறித்தனம். இசைத்தாளில் எழுதிய செயல் எழுதிய இடத்தில் நடக்கிறதா, நடந்தால் கேமராவில் விழுகிறதா, அதைத்தான் பார்க்கணும். சுத்தியல் அடிகளை வாக்னர் பாடகரின் இஷ்டத்துக்கு விடவில்லை, தாளக் கணக்கோடு எழுதியிருக்கிறார். கடைசி அடியில் பட்டடை இரண்டாகப் பிளக்க வேண்டும். மேடைப் பட்டடை முன்பே இரண்டாக அறுத்து, கொக்கியில் நிற்பது. கொக்கி அரை விநாடி முந்தினால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பிந்தினால் வீரன் முட்டாளாக நிற்பான். எந்த ரிங் பதிவு கையில் வந்தாலும் முதலில் அந்த இரண்டு நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள்.

கீழ்மந்தரம்:

எனக்கு உறுத்துவது 'ரைன்கோல்ட்' தொடக்கம், ஆனால் குற்றம் பதிவின் மேல் இல்லை. "ஆரம்பம் மந்தமாக இருக்கிறது" என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஆரம்பத்தைக் கேட்டதே இல்லை. 136 அளவுக் கட்டுகள், முழுக்க ஒரே ஈ-ஃப்ளாட் சுரக்கோவை. டபுள் பேஸ்களில் சிலர் கீழ்க்கம்பியை அரைச் சுரம் இறக்கிக்கொண்டுதான் அந்த முதல் ஒலியையே தொட முடியும். அது சுமார் 39 ஹெர்ட்ஸ். டிவியோடு வரும் ஸ்பீக்கர் 100க்குக் கீழே போகவே திணறும். ஐந்தாவது கட்டில் பஸூன் வருகிறது, பதினேழாவதில் முதல் ஹார்ன், பிறகு ஒவ்வொன்றாக எட்டு ஹார்ன். அடியில் ரைன் நதி இல்லாமல் மேலே அலை மட்டும் கேட்டால் மந்தமாகத்தான் இருக்கும்.

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், இதைச் செய்யாமல் விமர்சனம் எழுதாதீர்கள்:

முதலில் ஸ்டீரியோ தடத்தைத் தேர்ந்தெடுங்கள். பல ஸ்பீக்கருக்கான 5.1 தடத்தில் பின்னால் வருவது பெரும்பாலும் அரங்க எதிரொலிதான், நல்ல ரிசீவர் இல்லாவிட்டால் குரலை மங்கடிக்கும். அடுத்து 'நைட் மோட்' மாதிரி ஒலி ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் எல்லாவற்றையும் அணையுங்கள். குள்ளர்களின் பாதாள உலகமான நீபெல்ஹைமுக்கு இறங்கும் இடத்தில் 18 பட்டடைகள் ஒலிக்க வேண்டும். தூரத்தில் தொடங்கி, வாத்தியக்குழுவையே விழுங்கும் அளவு பெருகி, மறுபடி தேய வேண்டும். சமப்படுத்தினால் தகர டப்பா தட்டுகிற மாதிரி ஒரே மட்டத்தில் ஓடும்.

படம் 4:3. இழுத்து அகலமாக்கினால் பாடகர்கள் ஜெஸ்ஸி நார்மனும் மாட்டி ஸல்மினனும் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள், புகை வரும் இடமெல்லாம் அது உளறும். கூர்மையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பாறைக்கும் வெள்ளை விளிம்பு முளைக்கும். இருட்டுக் காட்சிக்கு பிரைட்னஸைத் தூக்காதீர்கள், கறுப்பு சாம்பலாகிவிடும். காமாவை (நடுத்தர வெளிச்ச அளவை) ஒரு படி மாற்றி, அறை விளக்கை அணைத்தால் போதும். 'வால்க்யூர' முடிவில் நெருப்பு வளையம் வரும்போது சிவப்பு வழிந்தால் டிவியைத் திட்டாதீர்கள். அக்கால அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி வீடியோவில் ஒளி விவரத்துக்குக் கிடைத்த இடத்தில் சிறு பங்குதான் நிறத்துக்குக் கிடைத்தது, அதனால் அடர்ந்த சிவப்பு எல்லை தாண்டும். நிற அடர்த்தியைச் சற்றுக் குறைத்தால் தெய்வங்களின் தலைவன் வோட்டனின் முகம் திரும்பி வரும்.

ரைன்கரை:

கீழ்மந்தரம் சார், பாடத்துக்கு நன்றி. ஆனால் படம் இருட்டாக இருப்பதற்கு டிவியும் காரணமில்லை, டேப்பும் காரணமில்லை. கில் வெக்ஸ்லரின் ஒளியமைப்பு அரங்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணுக்குச் செய்தது. இருட்டுக்குப் பழகிய கண் பிடிக்கும் சாயலில் பாதியைக்கூட 1990 கேமரா பிடிக்காது. காமாவை மாற்றினால் இல்லாத விவரம் வந்துவிடுமா?

என்னை உறுத்துவது வேறு. 'வால்க்யூர' முதல் அங்கம், ஹுண்டிங் மனைவியை உள்ளே போகச் சொல்கிறான். மனைவி ஸீக்லிண்ட வாசலில் திரும்பி, மரத்தில் வாள் செருகியிருக்கும் இடத்தைக் கண்ணாலேயே காட்டிவிட்டுப் போகிறாள். ஒரு வார்த்தை கிடையாது. பேஸ் ட்ரம்பெட் மட்டும் வாளின் இசையை ஊதிச் சொல்லிவிடும். அந்த நொடியில் அவள் கண்ணும் மரமும் ஒரே சட்டகத்தில் இருக்க வேண்டும். கண் மட்டும் தெரிந்தால் எதைப் பார்க்கிறாள் என்று தெரியாது. மரம் மட்டும் தெரிந்தால் ட்ரம்பெட் வெறும் அலங்காரம். ஸீக்லிண்டவாக வரும் ஜெஸ்ஸி நார்மன் பெரிதாகக் கை அசைக்காதவர், கண்ணால் நடிப்பவர். ஹுண்டிங்காக கர்ட் மோல் சும்மா நின்றாலே அறை குளிர்கிறது. ஆகவே இந்தப் பதிவில் அந்த நொடியின் பாரம் முழுக்க கேமரா மேல்தான். மரம் நிஜ மரம் போல இருக்கிறதா என்பது எனக்கு மூன்றாவது கேள்வி.

இந்த மேடையாக்கத்துக்கு ஒட்டிய 'மரபு' என்ற பெயரும் கொஞ்சம் ஏமாற்று. குந்தர் ஷ்னைடர்-ஸீம்ஸன் அமைத்த மேடை வாக்னர் எழுதியபடி காடு, பாறை, மண்டபம் என்று போகிறது, சரி. ஆனால் 1876ல் வாக்னரே பைராய்ட் அரங்கில் முதன்முதலில் மேடையேற்றியது இது இல்லை. அங்கே ரைன் கன்னிகள் சக்கர வண்டியில் நட்ட கம்பத்தின் மேல் படுத்து 'நீந்தினார்கள்', கீழே ஆட்கள் தள்ளினார்கள். காட்சி மாற்றத்தை மறைக்க ரயில் எஞ்சின் கொதிகலனிலிருந்து நீராவி விட்டார்கள். லண்டனில் செய்த டிராகனுக்குக் கழுத்துப் பகுதி வந்து சேரவே இல்லை. மெட் காட்டுவது 1980களின் மேடைத் தொழில்நுட்பத்தில் வாக்னர் கேட்டது. அதை அப்படியே மதிப்பிடுங்கள்.

மறுவாசிப்பு:

ஷெரோ இயக்கிய ரிங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! பைராய்ட் 1976, பியர் பூலே வாத்தியக்குழுவை நடத்தியது, 1979-80ல் படமாக்கியது. அதில் ரைன் நதி ஒரு நீர்மின் அணை. அதன் வீடியோவும் இதே ப்ரையன் லார்ஜ்தான். அங்கே பார்வையாளர் இல்லாமல் படமாக்கினார்கள், கேமரா வேண்டிய இடத்துக்குப் போகலாம். மெட்டில் பார்வையாளரோடு நடந்ததைப் பிடிக்க வேண்டியிருந்தது. எனவே "லார்ஜ் முகத்துக்கு முகம் தாவுகிறார்" என்று ஒரே குச்சியால் அடிக்க முடியாது, ஆறாம்வரிசை.

ஒப்பிட வசதியான ஆள் ஸெட்னிக். ஷெரோவிடம் 'ரைன்கோல்ட்'டில் நெருப்புத் தெய்வம் லோகெயும் அவரே, 'சீக்ஃப்ரீட்'டில் மீமெயும் அவரே. பத்து வருஷம் கழித்து மெட்டிலும் மீமெ. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால், ஆள் ஒருவர், இயக்கம் எங்கே மாறுகிறது என்று கையால் தொட்டுக் காட்டலாம். வேகத்தையும் பாருங்கள்: 'ரைன்கோல்ட்'டில் மட்டும் மெட்டில் வாத்தியக்குழுவை நடத்திய லெவைன் பூலேயைவிடச் சுமார் 20 நிமிடம் அதிகம் எடுக்கிறார். அந்த நிதானம் வோட்டனாக ஜேம்ஸ் மாரிஸுக்கு மூச்சு கொடுக்கிறது, ராட்சதர்கள் பேரம் பேசும் இடத்தைத் தூங்க வைக்கிறது.

பழையடேப்:

சிலர் சிடி பெட்டியையும் வீடியோவையும் குழப்பி எழுதுகிறீர்கள். லெவைனின் சிடி ஸ்டூடியோவில் செய்தது. அதில் சீக்ஃப்ரீட் பாடியவர் ரைனர் கோல்ட்பெர்க், வீடியோவில் பாடியவரின் பெயரே சீக்ஃப்ரீட் யெருசலேம். வீடியோவிலும் 'வால்க்யூர' 1989 ஏப்ரலில் பதிவானது, மற்ற மூன்றும் 1990ல். ஒரே வார ஓட்டம் என்று நினைத்து ப்ரூன்ஹில்டவாகப் பாடிய ஹில்டகார்ட் பெஹ்ரென்ஸின் குரல் "நாளுக்கு நாள் தேய்கிறது" என்று எழுதுவது அநியாயம்.

உறுத்தும் இடம்: 'கோட்டர்டெமருங்' கடைசிப் பத்து நிமிடம். சிதை எரிய வேண்டும், மண்டபம் இடிய வேண்டும், ரைன் பொங்க வேண்டும், வில்லன் ஹாகன் தண்ணீரில் பாய வேண்டும், தூரத்தில் தெய்வங்களின் கோட்டை வால்ஹல்லா எரிய வேண்டும். எல்லாம் இசை நிற்காமல். நான்கு ஓபராவுக்கும் கடைசியாகப் பாடப்படும் சொற்கள் ஹாகனுடையவை, "மோதிரத்தை விட்டு விலகு". ஹாகனாக வரும் ஸல்மினன் அதைப் பாடல் மாதிரி இல்லாமல் கத்தலாகவே விடுகிறார், அது சரியான முடிவு. மேடை இடிவது நிஜமான பாரமுள்ள பொருள்களால். 1990 ஏப்ரலில் ஒரு நிகழ்ச்சியில் அரங்கப் பகுதி பெஹ்ரென்ஸ் மேலேயே விழுந்து அவர் காயப்பட்டார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், "அட்டைப் பெட்டி சரிகிற மாதிரி இருக்கிறது" என்று எழுதக் கை வராது.

மறுவாசிப்பு:

அதற்குத்தான் 2010ல் மெட்டின் புதிய ரிங்குக்கு இயக்குநர் ரொபேர் லெபாஜை அழைத்து 24 பலகை இயந்திரம் வைத்தார்கள். முதல் நிகழ்ச்சியிலேயே வானவில் பாலத்துக்குப் பலகை அசையவில்லை. அட்டையே மேல் என்பீர்களா?

பழையடேப்:

மேல் என்று சொல்லவில்லை. இரண்டிலும் தெய்வங்கள் பாலம் ஏறிப் போவது தெரிகிறதா, ஆறு ஹார்ப்பும் அதே சமயம் கேட்கிறதா என்று பாருங்கள் என்கிறேன்.

இன்னொன்று விட்டுப்போனது. மெட் அரங்கில் மொழிபெயர்ப்பு வரிகள் வந்தது 1995ல்தான். இந்தப் பதிவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஜெர்மன் தெரியாவிட்டால் சைகையும் இசையும்தான் துணை. ஷெங்க் ஒவ்வொரு செயலையும் பெரிதாக, தெளிவாக வைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். க்ளோஸப்பில் மிகை நடிப்பு என்று தோன்றுவது இருபதாவது வரிசைக்குச் சரியான அளவு. ஒரு அங்கத்தையாவது வசன வரிகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். வோட்டனும் அவன் மனைவி ஃப்ரிக்காவும் சண்டை போடும் 'வால்க்யூர' இரண்டாம் அங்கம் இதற்கு நல்ல சோதனை. ஃப்ரிக்காவாக கிறிஸ்டா லுட்விக் வாதத்தில் ஜெயித்த நொடி எது என்று வரி இல்லாமலே தெரியும்.

ஆறாம்வரிசை:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மீமெ விஷயத்தில் இல்லை. கேமரா நாலு விநாடி பின்னால் போயிருந்தால் இரண்டு அடுப்பும் கிடைத்திருக்கும்.

கீழ்மந்தரம்:

ரைன்கரைக்கு: காமா இல்லாத விவரத்தைக் கொண்டு வராது, டேப்பில் இருந்து உங்கள் டிவி விழுங்கியதைக் கொண்டு வரும். மாற்றும் முன் பழைய எண்களைக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்து கிரிக்கெட் பார்க்கும்போது வீட்டில் திட்டு விழும்.