டிஸ்கோர்ஸ் நிறுவியாயிற்று, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் மட்டும் வரவில்லை

படுவான்கரைக் கணிதம்:

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலைகளில் சாதாரண தர வகுப்புகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் நாற்பது பேர் வரையில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். ஒருவர் இரவிரவாகத் தட்டச்சுச் செய்து அனுப்பும் மாதிரி வினாத்தாள், மூன்றாம் நாள் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துபோகிறது. அதே வினாத்தாளை அடுத்த தவணையில் யாராவது மறுபடியும் கேட்பார்கள். அனுப்பியவருக்கே அது எங்கே கிடக்கிறதென்று தெரிவதில்லை. அதனால் எங்களுக்கென ஒரு கலந்துரையாடல் தளத்தைச் சொந்த சேர்வரில் நிறுவுவதென்று முடிவாகி, பொறுப்பு என் தலையில் விழுந்தது.

1 ஜிபி நினைவகம் கொண்ட வி.பி.எஸ். (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சேர்வர்) ஒன்றில் உபுண்டு இயங்குதளத்தைப் போட்டு, டொமைனை அதன் ஐபி முகவரிக்குத் திருப்பி, டொக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் இயக்கும் கருவி) வழியாக டிஸ்கோர்ஸ் என்ற கலந்துரையாடல் மென்பொருளை நிறுவினேன். செட்டப் நிரல் கேட்ட டொமைன் பெயர், நிர்வாகியின் மின்னஞ்சல், எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும்) சேர்வர், போர்ட் (இணைப்பு வாயிலின் எண்), பயனர்பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் கொடுத்தேன். தளம் திறக்கிறது, பூட்டுக் குறியும் தெரிகிறது. நிர்வாகியாகப் பதிவு செய்தவுடன் "மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம்" என்று திரையில் வருகிறது. ஆனால் ஸ்பாம் பெட்டி வரை தேடியும் அப்படி ஒன்று வந்து சேரவில்லை. நிறுவியதில்தான் பிழை என்று எண்ணி சேர்வரை இரண்டு தடவை முற்றாக அழித்து மீண்டும் நிறுவிவிட்டேன். இது நினைவகம் போதாமையால் நேர்வதா? பாடசாலையில் சும்மா கிடக்கும் கணினியையே சேர்வராக்கலாமே என்று ஒரு சேர் சொல்கிறார், அதுவும் சரிவருமா?

கல்லடிப் பாலத்தடி:

ஐயா, முதலில் சேர்வரை அழிப்பதை நிறுத்துங்கள். பூட்டுக் குறிக்கான சான்றிதழை வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், ஒரே பெயருக்கு 7 நாட்களில் 5 சான்றிதழ்களுக்கு மேல் தராது. ஒவ்வொரு தடவை அழித்து நிறுவும்போதும் புதுச் சான்றிதழ் ஒன்று கழிகிறது. அந்த எல்லையைத் தாண்டினால் இப்போது தெரியும் பூட்டுக் குறியும் இல்லாமற்போய், அடுத்தது கிடைக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க நேரிடும்.

நினைவகம் இதற்குக் காரணமில்லை. 1 ஜிபி என்பது டிஸ்கோர்ஸின் கீழெல்லை; 2 ஜிபி ஸ்வாப் (வட்டில் ஒதுக்கும் துணை நினைவகம்) சேர்ந்திருந்தால் நாற்பது பேருக்குத் தாங்கும். கட்டியெழுப்பும் வேளையில் மெதுவாக நகரும், அவ்வளவுதான். டிஸ்கோர்ஸ் தானாக மின்னஞ்சல் அனுப்புவதில்லை, நீங்கள் கொடுத்த எஸ்எம்டிபி சேவையிடம் ஒப்படைக்கிறது. ஒப்படைக்கும் இடத்தில்தான் தடங்கல் இருக்க வேண்டும்; திரையில் வரும் வாசகம் அந்தத் தடங்கலைக் காட்டாது.

நிறுவிய அதே கோப்புறையில் டிஸ்கோர்ஸ் டொக்டர் என்றொரு நிரல் இருக்கிறது. அதை ஓட்டினால் ஒரு சோதனை மின்னஞ்சலை அனுப்பிப் பார்த்து, எங்கே நின்றது என்று சொல்லும். நீண்ட நேரம் மௌனமாக இருந்து "டைமவுட்" என்று முடிந்தால், உங்கள் சேர்வரிலிருந்து அந்தப் போர்ட் வெளியே போக விடப்படவில்லை என்று பொருள். ஸ்பாம் அனுப்புவோருக்குப் பயந்து 25ஆம் போர்ட்டைப் பல வி.பி.எஸ். நிறுவனங்கள் மூடிவைக்கின்றன, சில நிறுவனங்கள் 465ஐயும் 587ஐயும் கூட மூடுகின்றன. அப்படியானால் மின்னஞ்சல் சேவை 2525ஐ ஏற்கிறதா என்று பார்த்து அதற்கு மாறலாம். மாறாக, உடனேயே 535 என்ற எண்ணுடன் பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது, பயனர்பெயரோ கடவுச்சொல்லோதான் பிழை.

திருத்தத்தை ஆப் டொட் யாமல் (app.yml) என்ற அமைப்புக் கோப்பில் செய்யுங்கள். யாமல் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் விசையைத் தொடவே கூடாது, வெறும் இடைவெளிகள்தான். திருத்திய பின் ரீஸ்டார்ட் செய்தால் போதாது. பழைய கொண்டெய்னரே (டொக்கர் பெட்டி) பழைய மதிப்புகளுடன் மறுபடி எழும்பும். லாஞ்சர் நிரலில் ரீபில்ட் (புதிதாகக் கட்டும் கட்டளை) கொடுங்கள்.

பாடசாலைக் கணினி வேண்டாம். சிம் போட்ட றவுட்டர் இணைப்புகளில் பெரும்பாலும் தனியான பொது ஐபி (வெளியிலிருந்து அடையக்கூடிய முகவரி) கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மார்கழி மழையில் மின்சாரம் போகும்போது தளமும் சேர்ந்து போகும்.

அக்கரைப்பற்று 2ஆம் குறுக்கு:

மேலே சொன்னவற்றில் பிழை ஏதுமில்லை. ஆனாலும் நாற்பது ஆசிரியர்களுக்கு டொக்கரும் யாமலும் எதற்கு என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. பிஎச்பிபிபி என்ற கலந்துரையாடல் மென்பொருள் 2000ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருப்பது. பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் உள்ள எந்தச் சாதாரண ஹோஸ்டிங்கிலும் கோப்புகளை ஏற்றி, உலாவியிலேயே நிறுவிவிடலாம். நிர்வாகி கணக்கு நிறுவும்போதே உருவாகிவிடுவதால் இப்படி வாசலில் நிற்கும் நிலை வராது, உறுப்பினர்களுக்கான மின்னஞ்சல் உறுதிப்படுத்தலையும் விரும்பினால் நிறுத்திவைக்கலாம். நிறுவி முடிந்ததும் இன்ஸ்டால் கோப்புறையை நீக்க மறக்கக் கூடாது. 2014இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து கைப்பேசித் திரைக்கும் பொருந்துகிறது. அழகில் டிஸ்கோர்ஸ் முந்திக்கொள்ளும். பராமரிப்பவர் ஒரே ஒருவர், அவரும் பகலெல்லாம் வகுப்பில் நிற்பவர் என்றால் எனது வாக்கு பிஎச்பிபிபிக்குத்தான்.

படுவான்கரைக் கணிதம்:

இருவருக்கும் நன்றி. பாலத்தடி ஐயா சொன்ன இரண்டு நோயும் என் சேர்வருக்கு ஒருசேர இருந்திருக்கின்றன. டொக்டரை ஓட்டியதும் முதலில் டைமவுட்தான் வந்தது. 587ஐ 2525ஆக மாற்றி ரீபில்ட் கொடுத்துவிட்டு, பத்தாம் ஆண்டுக்காரரின் விடைத்தாள்களில் ஒரு கட்டைத் திருத்தி முடித்தேன். அதன் பிறகுதான் வேலை முடிந்தது. மீண்டும் ஓட்டினால் 535. கடவுச்சொல்லை மின்னஞ்சல் சேவையின் பக்கத்திலிருந்து பிரதி எடுத்துத்தான் ஒட்டியிருந்தேன், ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

பிறகு கோப்பை மேலிருந்து வாசித்தபோது, எஸ்எம்டிபி வரிகளுக்கு அருகிலேயே ஹாஷ் (#) குறி கடவுச்சொல்லில் இருந்தால் சிக்கல் வரலாம் என்ற எச்சரிக்கை இருந்தது. எனது கடவுச்சொல்லின் முதலெழுத்தே ஹாஷ். யாமலில் இடைவெளிக்குப் பின் வரும் ஹாஷ் குறிப்புரையின் தொடக்கமாகக் கொள்ளப்படுவதால், கடவுச்சொல் முழுவதும் குறிப்புரையாகி, சேவைக்கு வெற்றுக் கடவுச்சொல் போயிருக்கிறது. மேற்கோள் குறிக்குள் இட்டாலும் தீரும் என்றார்கள். நான் வேறு கடவுச்சொல்லே எடுத்துவிட்டேன். மின்னஞ்சல் வந்தது, ஆனால் ஸ்பாம் பெட்டிக்கு.

பிஎச்பிபிபி பற்றிச் சொன்ன சகோதரருக்கு: நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் இவ்வளவு தூரம் வந்தபின் திரும்ப மனம் வரவில்லை.

ஆரையம்பதி வடக்கு:

ஸ்பாமுக்குப் போவது டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளால். மின்னஞ்சல் சேவை உங்களுக்குத் தரும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை (கடிதம் உண்மையில் உங்கள் டொமைனுடையதுதான் என்று காட்டுபவை) டொமைனில் சேருங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து இவற்றில் ஒன்றாவது இல்லாமல் வரும் கடிதங்களை ஜிமெயில் ஏற்கத் தயங்குகிறது. இரண்டையும் சேர்த்து, கூடவே டிமார்க் (அந்தச் சோதனையில் தவறும் கடிதத்தை என்ன செய்வதென்று சொல்வது) வரி ஒன்றையும் போட்டுவிடுவது நல்லது.

தமிழில் நடத்தப்போகிறீர்கள் என்பதால் இரண்டு அமைப்புகளை இப்போதே பாருங்கள். தலைப்பைத் தமிழில் எழுதினால், டிஸ்கோர்ஸ் இயல்பாக அதைப் பக்கத்தின் இணைய முகவரியில் சேர்ப்பதில்லை. "டொபிக்" என்ற சொல்லும் எண்ணும் மட்டும் நிற்கும். சேர்க்கும்படி மாற்ற வழியுண்டு, ஆனால் நான் மாற்ற மாட்டேன். "தமிழ்" என்ற ஒரு சொல் யுனிகோடில் 5 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது 45 எழுத்து நீளமுள்ள சதவீதக் குறிகளாக விரியக்கூடும். ஆசிரியர்கள் இணைப்பை வைரஸ் என்று நினைப்பார்கள். (எங்கள் குழுவில் நினைத்தார்கள்.) மற்றது, பதிவொன்றின் குறைந்தபட்ச நீளம் 20 குறியீடுகள் என்று வைக்கப்பட்டிருக்கும். "நன்றி ஐயா" 9தான் வரும் என்பதால் ஏற்காது. நான் அதைக் குறைக்காமல் விட்டுவிட்டேன், விருப்பக்குறிப் பொத்தான் இருக்கிறதே. உங்கள் குழுவின் பழக்கம் உங்களுக்குத்தான் தெரியும்.

தமிழில் பயனர்பெயர் வேண்டுமென்றால் அதற்கான யுனிகோட் அமைப்பை ஆட்களைச் சேர்க்க முன்னரே திறந்துவிடுங்கள்.

பேக்கப் தானாக எடுக்கப்படும். ஆனால் அது அதே சேர்வரின் வட்டில்தான் கிடக்கும், சேர்வர் போனால் அதுவும் போகும். கிழமைக்கு ஒரு தடவை உங்கள் மடிக்கணினிக்கு இறக்கிவையுங்கள். ஆப் டொட் யாமல் அந்தப் பேக்கப்புக்குள் வராது, அதைத் தனியே பிரதி எடுக்க வேண்டும்.

படுவான்கரைக் கணிதம்:

எஸ்பிஎஃபும் டிகிமும் சேர்த்தாயிற்று. இன்று காலை வவுணதீவிலிருந்து ஒரு ஆசிரியை பதிவு செய்தார். கடிதம் நேராக இன்பொக்ஸுக்கே போயிருக்கிறது. அவர் ஏற்றிய முதற்கோப்பு முக்கோணவியல் வினாத்தாள். மூன்றாவது வினாவில் கோணம் பிழை என்று அதற்குள் இருவர் எழுதிவிட்டார்கள்.