ஐசிங் சிமுலேஷன்: ‘பனிப்படிவுப் பாவனை’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

விமான எஞ்சினைத் தரையில் நிறுத்தி, அதில் பனிக்கட்டி ஒட்டவைத்துப் பார்க்கும் சோதனையை ஆங்கிலத்தில் ‘ஐசிங் சிமுலேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘பனிப்படிவுப் பாவனை’ என்ற சொல் முன்வைக்கப்பட்டது. இரண்டு பாதியிலுமே எனக்கு உடன்பாடில்லை.

பனி என்றால் நமக்குப் புல்நுனித் துளியும் அதுதான், மூடுபனியும் அதுதான். பனிப்படிவு என்றதும் இரவு முழுக்க நின்ற விமானத்தின் இறக்கைமேல் விழுந்து கிடக்கும் பனியே நினைவுக்கு வரும். எஞ்சினில் நடப்பது வேறு. மேகத்தில் 0 டிகிரிக்குக் கீழேயும், சில சமயம் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரையிலும்கூட, உறையாமல் நீராகவே மிதக்கும் துளிகள் உண்டு. அவை எஞ்சினின் முன்னால் சுழலும் விசிறியின் அலகில் (பிளேடில்) மோதியதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கனம் கூடியதும் பெயர்ந்து உள்ளே போய், காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் அலகுகளைச் சேதப்படுத்தும். எஞ்சினையே அணைத்துவிடவும் கூடும். உறைவதும் படிவதும் சேர்ந்தே நடப்பதால் ‘உறைபடிவு’ என்போம். பனிப்படிகங்கள் உள்ளே போய்ச் சூடான பரப்பில் பாதி உருகி, மறுபடி உறைந்து ஒட்டும் வகைக்கும் இது பொருந்தும். நடுவில் ‘ப்’ போட்டுவிடக் கூடாது. உறைப்படிவு என்றால் ஏதோ உறைமேல் படிந்தது என்றாகிவிடும்.

அடுத்து ‘பாவனை’. இந்தச் சோதனையில் உறைபடிவு நிஜமாகவே உண்டாகிறது. மேகம் மட்டும்தான் செயற்கை. கனடாவில் மானிட்டோபா மாகாணத்துத் தாம்ப்சன் நகரில் 2010இல் திறந்த சோதனைத் தளத்தில் குளிரை இயற்கையே தருகிறது. எஞ்சினுக்கு முன்னால் தெளிப்புக் குழாய்கள் நீரைத் தூவுகின்றன. சிரமமெல்லாம் அந்தத் தூவலில்தான். துளி சில பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவில் இருக்க வேண்டும். குழாயின் தெளிப்பு முனையிலிருந்து கிளம்பி எஞ்சினை எட்டுவதற்குள் காற்றின் குளிருக்கு இறங்கிவிட வேண்டும், ஆனால் வழியிலேயே உறைந்துவிடக் கூடாது. அதனால் நீரையும், அதைச் சிதறடிக்கும் காற்றையும் முன்கூட்டியே சூடாக்குவார்கள். இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கும் மேகத்தைப் பாவனை என்றால், வாசகர் கணினித் திரையில் ஓடும் கணக்கு என்றே எண்ணிக்கொள்வார். ‘செயற்கை மேக உறைபடிவுச் சோதனை’ என்பது சற்று நீளம்தான். ஆனால் குழப்பம் இல்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “அமெரிக்க விதிப்படி தரை உறைபடிவுச் சோதனையில் எஞ்சினை 30 நிமிடம் ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) ஓடவிட்டு, பிறகு புறப்பாட்டு விசைக்கு உயர்த்த வேண்டும்.” இயல்பாகத்தான் வருகிறது. உறைபடிவு நீக்கம், உறைபடிவுத் தடுப்பு என்று கிளைச்சொற்களும் எளிதாகக் கிடைக்கின்றன.

சரி, மேலே சொன்ன, 0 டிகிரிக்குக் கீழேயும் உறையாத துளிக்கு, அதாவது ‘சூப்பர்கூல்டு’ துளிக்கு, என்ன சொல் வைக்கலாம்? ‘அதிகுளிர்’ என்றால் வெறும் கடுங்குளிராகத் தொனிக்கிறது. ‘உறையாக் குளிர்துளி’ என்பது என் பரிந்துரை. இயற்பியல் பாடம் நடத்துகிறவர்கள் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.