எஜுகேட்: வெளிக்கொணர்வதா, வளர்ப்பதா?

கரும்பலகை:
ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி கேட்ட விளக்கம் இது. 'எஜுகேட்' என்ற ஆங்கில வினை, லத்தீன் 'ஏடூகெரே'யிலிருந்து வந்தது. வெளியே அழைத்து வருதல் என்று பொருள். பிள்ளைக்குள் இருப்பதை வெளியே கொண்டுவருவதுதான் நம் வேலை. 18 வருடமாகப் பாடம் நடத்துகிறேன், இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

வேர்தேடி:
விளக்கம் அழகுதான் டீச்சர், ஆனால் வேர் அதுவல்ல. லத்தீனில் இரண்டு வினைகள் உண்டு. ஏடூகெரே, 'டூ' நெடில்: வெளியே அழைத்து வருதல். ஏடுகாரே, 'டு' குறில்: ஊட்டி வளர்த்து ஆளாக்குதல். எஜுகேட் வந்தது குறிலிலிருந்து. நெடிலிலிருந்து வந்திருந்தால் டிடக்ட், கண்டக்ட் மாதிரி 'எடக்ட்' என்றல்லவா ஆகியிருக்கும்? அந்த நெடில் வினையிலிருந்து ஆங்கிலத்தில் 'எடியூஸ்' என்று தனியாகவே ஒரு சொல் இருக்கிறது. நீங்கள் சொல்லும் பொருள் அதற்குத்தான்.

கரும்பலகை:
இரண்டும் ஒரே குடும்பம்தானே? ரோமானியர்களே பிள்ளை வளர்ப்பதற்கு ஏடூகெரேயையும் சொல்லியிருக்கிறார்கள்.

வேர்தேடி:
சொல்லியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் பொருள் வளர்ப்பதுதான்; உள்ளே ஒளிந்திருக்கும் அறிவை வெளியே எடுப்பது அல்ல. கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞர் வாரோ இந்த இரண்டையும் ஒரே வரியில் பிரித்துக் காட்டுகிறார்: மருத்துவச்சி வெளியே கொண்டுவருகிறாள், செவிலி வளர்க்கிறாள், பிள்ளையுடன் இருப்பவன் பழக்குகிறான், ஆசிரியர் கற்பிக்கிறார். ஏடூகெரே மருத்துவச்சிக்கு, ஏடுகாரே செவிலிக்கு.

நடுபெஞ்ச்:
இன்றைக்குப் பேச்சில் என்ன பொருளோ அதுதானே பொருள்? 2000 வருடத்துக்கு முந்தைய லத்தீன் எதற்கு?

வேர்தேடி:
சரி, அப்படியானால் லத்தீனைச் சாட்சிக்கு இழுக்காமல் சொல்லுங்கள். வெளிக்கொணர்தல் நல்ல கொள்கை. பிறர் மனத்தில் உருவாகும் கருத்தைப் பிரசவிக்க உதவும் மருத்துவச்சி என்று பிளேட்டோவின் உரையாடலில் சாக்ரடீஸ் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அந்தக் கிரேக்கக் கதையைச் சொன்னாலே போதுமே.

கரும்பலகை:
'எடக்ட்' வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாரோவின் வரியில் ஆசிரியருக்கு என்ன வினை?

வேர்தேடி:
டொகேரே. டாக்டர் என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். முதலில் கற்பிப்பவர் என்றே பொருள்.

கரும்பலகை:
அப்படியானால் எஜுகேட் எங்கள் வினையே இல்லை, செவிலியுடையது! ஒன்றாம் வகுப்பில் சோறு ஊட்டி, மூக்குத் துடைத்துவிட்டுப் பாடம் சொல்லித்தருகிறவள் நான். அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டேன்.