நாவலுக்கு ஏஜென்ட் புடிக்க 25,000 ரூபாய் கட்டலாமா?

குளச்சல் பையன்:
கரையில நின்னு கரைமடி வலை இழுக்கிற மீனவங்களை வச்சு ஒரு நாவல் எழுதி முடிச்சிருக்கேன். சென்னையில ஒருத்தர் 'இலக்கிய முகவர்'னு அறிமுகமானார். பிரதியைப் படிக்க 5,000, பதிப்பகங்கள்ல பேச 20,000, எல்லாம் முதல்லயே கட்டணுமாம். வெப் சீரிஸ் வரைக்கும் கொண்டுபோவேன்னு சொல்றார். கட்டலாமா? இல்லன்னா நல்ல ஏஜென்டை எப்படித் தேடுறது?

வடசேரி அண்ணாச்சி:
கட்டாத மக்கா. தமிழ்ல ஏஜென்ட் தொழில் ஏன் ஓடாதுன்னு கணக்குப் போட்டுப் பாரு. புத்தகம் 300 ரூபா, ராயல்டி 10 சதவீதம்னு வையி. 500 பிரதியும் வித்துத் தீந்தாலே உனக்கு 15,000தான். அதுல ஏஜென்டுக்கு 15 சதவீதம்னா 2,250. அந்தக் காசுக்கு எவன் பதிப்பகம் பதிப்பகமா ஏறி இறங்குவான்? அதனாலதான் உன் மடியில கை வைக்கான்.

பொன்னீலன் 1994ல, தோப்பில் முகமது மீரான் 1997ல, ரெண்டு பேரும் நம்ம குமரி மாவட்டத்துக்காரங்க, சாகித்திய அகாதெமி விருது வாங்கினாவ. ஏஜென்டுக்கு அலையுத நேரத்துல அடுத்த நாவலை எழுது. பதிப்பாளருக்கு நேரா அனுப்பு. காலச்சுவடு பதிப்பகம் நம்ம நாகர்கோவில்லதான இருக்கு, பஸ் ஏறினா போச்சு.

தக்கலை ஷீபா:
பணம் கட்டாதேன்னு சொன்னது சரி அண்ணாச்சி. ஏஜென்டே வேண்டாம்ங்கிறதை ஒத்துக்க மாட்டேன். 1997ல ஓடிடி கிடையாது, ஒலிப்புத்தகமும் இந்த அளவுக்குக் கிடையாது. இப்ப ஒரு நாவலுக்கு அச்சுப் புத்தகம் ஒரு பங்குதான்.

என் கதைத் தொகுப்புக்கு வந்த ஒப்பந்தம் ஒண்ணரைப் பக்கம். நடுவுல ஒரு வரி: 'மொழிபெயர்ப்பு, ஒலி, காட்சி உள்ளிட்ட சகல உரிமைகளும் காலவரையின்றி பதிப்பகத்தையே சாரும்.' அதை எடுக்கச் சொன்னேன். "முதல் புத்தகத்துக்கே இவ்வளவு பேச்சாம்மா"ன்னார். புத்தகம் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடப்புல கிடந்தது. அந்தச் சண்டையை எனக்காகப் போட ஒரு ஆள் வேணும்னுதான் சொல்றேன். எழுதினவளே போய்ப் பேசினா திமிருங்கிறாங்க.

வடசேரி அண்ணாச்சி:
அதுக்குச் சட்டம் இருக்கு தங்கச்சி. 1957 பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவு. எழுத்துல, கையெழுத்தோட இல்லாம உரிமையை மாத்த முடியாது. காலம் குறிக்கலைன்னா 5 வருசம், இடம் குறிக்கலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். வாங்கின உரிமையை ஒரு வருசத்துக்குள்ள பயன்படுத்தலைன்னா அது போயிரும்.

தக்கலை ஷீபா:
குறிக்கலைன்னாத்தானே! 'காலவரையின்றி, உலகம் முழுவதும்'னு குறிச்சுத்தான் நீட்டுறாங்க. அந்த ஒரு வருசக் கணக்கும் ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிட்டா செல்லாது. கையெழுத்துக்கு முன்னால படிக்கிற ஆள் இல்லாம 19ஆம் பிரிவை வச்சு என்ன செய்ய?

ஆரல்வாய்மொழி காத்து:
நடுவுல வர்றேன். நான் ஆங்கிலத்துல எழுதுறவன், அங்க கதையே வேற. அமெரிக்கா, இங்கிலாந்துல பெரிய பதிப்பகங்கள் பலதும் எழுத்தாளர் நேரா அனுப்புறதைப் பிரிச்சுக்கூடப் பாக்காது. ஏஜென்ட் வழியாத்தான் போகணும். அவங்க பங்கு பொதுவா 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20. வித்தாத்தான் காசு. படிக்கக் கட்டணம் வாங்கக் கூடாதுன்னு அமெரிக்க ஏஜென்ட் சங்கத்துல விதியே உண்டு. நாம அனுப்ப வேண்டியது ஒரு பக்கக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் சில அத்தியாயம். புனைவுன்னா நாவலை முடிச்சுட்டுத்தான் அனுப்பணும். ஜெய்ப்பூர்ல சியாஹி மாதிரி இந்திய ஏஜென்சிகளும் இருக்கு.

வடசேரி அண்ணாச்சி:
அவன் எழுதியிருக்கது தமிழ் நாவலுலே. ஜெய்ப்பூர்ல எவனுக்குக் கரைமடி தெரியும்?

தக்கலை ஷீபா:
மொழிபெயர்த்தா தெரியும். காலச்சுவடு பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்குப் போய்ப் பிற மொழி உரிமைகளை விக்கிறாங்களே, அது ஏஜென்ட் வேலை இல்லாம வேற என்ன? 2023 ஜனவரியில தமிழ்நாடு அரசு பன்னாட்டுப் புத்தகக் காட்சி ஆரம்பிச்சு, மொழிபெயர்ப்புக்கு நல்கையும் குடுக்குது. வழி திறந்திருக்கு. அந்த மேசையில எழுத்தாளருக்காக மட்டும் பேசுற ஆளைத்தான் காணோம்.

வடசேரி அண்ணாச்சி:
பதிப்பாளரே வித்துக் குடுக்கட்டும். வர்றதுல பாதி எனக்குன்னு எழுதி வாங்கினாப் போதும். மூணாவது ஆளுக்கு எதுக்குப் பங்கு?

தக்கலை ஷீபா:
எழுதி வாங்கணுமே. அதைத்தான் விடாம சொல்லுதேன்.

குளச்சல் பையன்:
இதுவரைக்கும் எந்தெந்தப் புத்தகத்துக்கு உரிமை வித்துக் குடுத்தீங்கன்னு அந்தாள்கிட்ட கேட்டேன். அதெல்லாம் ரகசியமாம். ஆனா 15,000 போதும்னு இறங்கி வந்துட்டார்.

வடசேரி அண்ணாச்சி:
ரெண்டு நாள் பேசாம இரு. 5,000க்கு வருவான்.

குளச்சல் பையன்:
😀 சரி அண்ணாச்சி, நேராவே அனுப்புறேன். ஷீபாக்கா, ஒப்பந்தம்னு ஏதாவது வந்தா நீங்க ஒருதடவை படிச்சுச் சொல்வீங்களா?

தக்கலை ஷீபா:
போட்டோ எடுத்து அனுப்பு. கையெழுத்தை மட்டும் போட்டுட்டு அனுப்பாதே.

வடசேரி அண்ணாச்சி:
கமிஷன் எவ்வளவுன்னு முதல்லயே கேட்டுக்கலே.

தக்கலை ஷீபா:
கரைமடியில சாளை மீன் விழுற அன்னைக்கு ஒரு கூறு. அண்ணாச்சிக்குக் கிடையாது.